குடுவையில் இருபத்தோரு மோல்

குடை முதலில் வந்தது. மனிதன் பின்னால் ஓடி வந்தான்.

லெம்விக் ரயிலடியிலிருந்து மேலே ஏறும் சாலை செங்குத்தானது. கடலிலிருந்து கிளம்பும் மேற்குக் காற்று அந்தச் சாலையில்தான் தன் வீரத்தையெல்லாம் காட்டும். அதனால் அந்த ஊரில் பிறந்த எவரும் குடை பிடிப்பதில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நடப்பார்கள், அவ்வளவுதான். எதிரே கறுப்பாக ஏதோ புரண்டு புரண்டு வருவதைப் பார்த்த வீபெக்கேவுக்கு, அது என்னவென்று விளங்கவே ஒரு கணம் ஆயிற்று. விளங்கியபோது அது அவள் மார்பில் வந்து மோதியிருந்தது. கையிலிருந்த காகிதப் பை நழுவிக் கிழிந்து, பேக்கரியிலிருந்து சுடச்சுட வாங்கி வந்த உருண்டை ரொட்டிகள் ஒவ்வொன்றாகச் சரிவில் உருண்டன.

"ஐயையோ... மன்னிச்சிடுங்க... அடி பட்டுடுச்சா?"

"குடையா பிடிக்கிறீங்க? இந்த ஊர்லயா?"

"மழை பெய்யுதே..."

"மழை பெய்யத்தான் பெய்யும். அதுக்காக? எந்த ஊரு நீங்க?"

"ரோஸ்கில்டே."

"அதான பார்த்தேன்."

அவன் குனிந்து ரொட்டிகளைப் பொறுக்கத் தொடங்கினான். நாற்பதைத் தொட்ட வயது. நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. இமை நுனியில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறக் கண்கள்... தூக்கம் போதாத கண்கள். அவளுடைய கண்களுக்கும் தூக்கம் போதவில்லை. மூன்று வாரமாக விடைத்தாள் திருத்தியவளுக்கு அடுத்தவர் கண்ணை ரசிக்க ஏது தெம்பு? ஆனாலும் பார்த்தாள்.

"வேற வாங்கித் தந்துடறேன். பேக்கரி எந்தப் பக்கம்?"

"எனக்கு நேரமில்ல. எட்டு மணிக்குப் பரீட்சை. இதெல்லாம் எனக்குன்னா கூட விட்டுடுவேன். எங்கேயோ கிடந்து வர்ற எக்ஸ்டர்னலுக்கு வாங்கினது. வெறும் வயித்தோட உக்காந்தா அந்த ஆளு என் பிள்ளைங்களைக் கடிச்சுத் தின்னுடுவாரு."

அவன் வாயைத் திறந்தான். மூடினான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அப்படிக் கடிக்கிற ஆளா அவர்?"

"எக்ஸ்டர்னல்னாலே அப்படித்தான். எல்லாம் ஒரே அச்சு."

நனையாமல் தப்பிய ஒரே ஒரு ரொட்டியை அவன் பயபக்தியோடு அவளிடம் நீட்டினான். அவள் பிடுங்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வேதியியல் அறையின் கதவு தட்டப்பட்டது. கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அதே மனிதன் நின்றான்.

"எஸ்பென். நான்தான் அந்தக் கடிக்கிற ஆளு," என்றான். "பயப்படாதீங்க... இன்னிக்குப் பல்லுவலி."

வீபெக்கேவின் முகம் காது வரை சிவந்தது. பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று பார்த்தாள். பூமிக்கும் அன்று களைப்பு போலிருக்கிறது. அவள் அந்த ஒற்றை ரொட்டியை இரண்டாக வெட்டி, வெண்ணெய் தடவி, ஒரு பாதியை அவன் பக்கம் தள்ளினாள்.

பரீட்சை தொடங்கியது. பச்சைத் துணி விரித்த மேசை. ஒரு பக்கம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை, பக்கத்தில் வேறு ஊரிலிருந்து வந்த எக்ஸ்டர்னல், எதிரே நடுங்கும் மாணவன். சீட்டு எடுப்பான், தயார் செய்வான், பேசுவான். பிறகு வெளியே போய் நிற்பான். உள்ளே இருவரும் மார்க்கைப் பேசி முடித்து அவனைக் கூப்பிட்டுச் சொல்லுவார்கள். இரண்டு வாங்கினால் கரையேறலாம். நாலு சுமார், ஏழு நல்ல மார்க். பன்னிரண்டு வாங்குகிறவன் ஊர்வலம் போகலாம்.

"மோல்னா என்ன?" என்று வீபெக்கே கேட்பாள்.

"ஒரு டஜன்னா பன்னிரண்டு முட்டை இல்லையா... அதுமாதிரி மோல்னா ஒரு எண்ணிக்கை..."

அடுத்து வருகிறவளும் டஜன் முட்டைதான். அதற்கடுத்தவனும் டஜன் முட்டைதான். எல்லாம் வீபெக்கே சொல்லிக்கொடுத்த வாக்கியம். தன் வாய்ச்சொல்லே ஒவ்வொரு வாயாகத் திரும்பி வருவதைக் கேட்கக் கேட்க அவளுக்கு அலுப்பாக இருந்தது. கிராமை மோலாக்கு என்றால் ஆக்குகிறார்கள். மில்லி லிட்டரை லிட்டராக்கு என்றால் புள்ளியைத் தள்ளுகிறார்கள். எதற்குத் தள்ளினாய் என்றால் கூரையைப் பார்க்கிறார்கள்.

நடுவில் பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் பச்சைத் துணிக்குக் கீழே இரண்டு வெறும் பாதங்களைக் கண்டாள். நனைந்த காலுறைகளை அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் மேல் காயப்போட்டுவிட்டு, மேலே அவ்வளவு கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறான் இந்த எக்ஸ்டர்னல்! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிமிர்ந்தபோது அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மாட்டிக்கொண்ட பையனைப் போல உதட்டைக் கடித்தான்.

'என்ன இது... இந்த வயதில்... இந்தக் களைப்பில்...' என்று அவள் மனசு முணுமுணுத்தது. அவள் அவசரமாக அடுத்த மாணவனைக் கூப்பிட்டாள்.

மத்தியானச் சாப்பாடு கறுப்பு ரொட்டியும் வெங்காயம் போட்டு ஊறவைத்த ஹெர்ரிங் மீனும். ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. ஜன்னலில் மழை.

"நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருக்கீங்க," என்றான் எஸ்பென்.

"நல்லாவா? கிளிப்பிள்ளைங்களுக்குக் கூட நல்லாத்தான் சொல்லிக்கொடுக்கலாம்."

"ரொம்பக் கசந்துபோய் இருக்கீங்க."

ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியாத ஊர்க்காரன், சாயங்கால ரயிலில் போய்விடுவான் என்ற தைரியமாக இருக்கலாம். யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"பால் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்துல வேலை கிடைச்சிருக்கு. போறேனா இருக்கேனான்னு இன்னிக்குச் சாயங்காலம் தலைமையாசிரியர்கிட்ட சொல்லணும். அங்கே பாலை அளந்தா போதும். பால் கூரையைப் பார்க்காது. இங்கே வருஷா வருஷம் மோல், மோல்னு தொண்டை கிழியக் கத்தறேன் எஸ்பென்... ஒருத்தருக்காவது புரிஞ்சிருக்கான்னு தெரியல."

"ஒருத்தருக்குக் கூடவா?"

"கடைசியா ஒரு பொண்ணு வருவா. சோல்வை. மீன்பிடிக்கிறவர் மக. இதுல விழுந்தா மொத்தச் சராசரியும் விழுந்துடும், பள்ளி முடிச்சவங்க போடற வெள்ளைத் தொப்பி கிடையாது. வருஷம் பூரா வகுப்பு முடிஞ்சதும் எங்கிட்ட வந்து உக்காருவா. அவளுக்குப் புரிஞ்சிருந்தா இருந்துடலாம்னு பார்க்கறேன். இல்லைன்னா... பால்தான்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் காப்பியை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினான்.

"என் மனைவி இறந்துபோய் ரெண்டு குளிர்காலம் ஆச்சு," என்றான். "ஜூன் வந்தா எந்த மூலை ஊரா இருந்தாலும் பரீட்சைக்கு நான் போறேன்னு கையைத் தூக்கிடுவேன். வீட்டுக்கு எதிர்த்திசையில ரயில் போனா சரி."

அவள் தன் ஹெர்ரிங்கில் ஒரு துண்டை அவன் தட்டில் வைத்தாள்.

சோல்வை வந்தாள். வெளியே தாழ்வாரத்தில் அவள் வீட்டார் காகிதக் கொடிகளோடு காத்திருந்தார்கள். அம்மாவின் மடியில் தொப்பிப் பெட்டி. கதவு மூடுவதற்குள் வீபெக்கே அதைப் பார்த்துவிட்டாள்.

சீட்டில் வந்தது வினிகர். மேசை மேல் சின்னக் குடுவையில் இருபத்தைந்து மில்லி வினிகர் நின்றது. அதில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சோல்வை பியூரெட்டைப் பற்றிப் பேசினாள், நிறம் மாறுவதைப் பற்றிப் பேசினாள். எல்லாம் சரி. லிட்டருக்குப் பூஜ்யம் புள்ளி எட்டு மூன்று மோல் என்று வந்தது. அதுவும் சரி. பிறகு பலகையில் இருபத்தைந்தால் பெருக்கினாள்.

"ஏறக்குறைய இருபத்தோரு மோல்," என்றாள்.

ஆயிரம் மடங்கு! மில்லியை லிட்டராக்காமல் விட்டுவிட்டாள். வீபெக்கே கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள். 'பாருடி பெண்ணே... பலகையைப் பாரு...' சோல்வை பார்க்கவில்லை. விடைக்குக் கீழே இரண்டு கோடு கிழித்துவிட்டு நிம்மதியாக நின்றாள். நேரம் முடியப்போகிறது. இனி பால்தான்...

"இருபத்தோரு மோல்னா எவ்வளவு எடை?"

கேட்டது எஸ்பென். காலையிலிருந்து பரீட்சை மேசையில் வாயே திறக்காதவன். கேள்வி கேட்பது ஆசிரியையின் வேலை, எக்ஸ்டர்னல் கேட்டுக்கொண்டிருப்பதுதான் வழக்கம். வீபெக்கே அவனை எரித்துவிடுவதைப் போலப் பார்த்தாள்.

"ஒரு மோல் அறுபது கிராம்..." சோல்வை கால்குலேட்டரைத் தட்டினாள். "ஆயிரத்து இருநூறு... ஆயிரத்து இருநூறு கிராமுக்கு மேல."

அவன் மறுபடி எதுவும் கேட்கவில்லை. சோல்வை மேசையைப் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமல் கையை நீட்டி அந்தச் சின்னக் குடுவையைத் தூக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையில் வைத்து லேசாக ஆட்டினாள்.

"இல்ல," என்றாள். "இது ஒரு கிலோ இல்ல. ஒரு கிலோ அமிலம் இதுக்குள்ள எப்படி இருக்கும்? ஒரு சிட்டிகைதான் இருக்கணும்... ஒரு கிராம் மாதிரி... ஐயோ! நான் மில்லியை அப்படியே போட்டுட்டேன்!"

பலகைக்கு ஓடினாள். இரண்டு கோட்டையும் அழித்தாள். ஆயிரத்தால் வகுத்தாள். ஒன்று புள்ளி இரண்டு கிராம். மணி அடித்தது.

அவள் வெளியே போனதும் கதவு மூடிற்று.

"இரண்டு," என்றாள் வீபெக்கே.

"ஏழு," என்றான் எஸ்பென்.

"ஏழா? ஆயிரம் மடங்கு தப்புக்கு ஏழா? நீங்க முட்டுக் கொடுக்கலைன்னா அப்படியே போயிருப்பா."

"எடை என்னன்னு கேட்டேன். அதுக்குப் பேரு முட்டா?"

"எனக்கு எல்லாம் புரியுது. மத்தியானம் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம உங்ககிட்ட புலம்பினேன். கண்ணு கலங்குறதையும் பார்த்துட்டீங்க. அதுக்குத்தான் இந்த ஏழு! எனக்குப் பிச்சை போடாதீங்க."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எவ்வளவு கூர்மை என்று அவளுக்கே தெரிந்தது. அவன் முகம் வெளுத்தது. பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"என்னை என்ன வேணாலும் நினைச்சுக்கங்க. மார்க்குல நான் யாருக்கும் தர்மம் பண்ணினதில்ல. காலையிலேருந்து வந்தவங்க எல்லாம் டஜன் முட்டையைச் சரியாச் சொன்னாங்க. விடையும் சரி. ஆனா ஒருத்தராவது தன் விடையைச் சந்தேகப்பட்டாங்களா? இவ சந்தேகப்பட்டா. குடுவையைத் தூக்கினா. தூக்குன்னு நான் சொல்லல. நீங்க சொன்னீங்களா?"

"இல்ல..."

"அப்போ அவளுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது வீபெக்கே?"

அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. அக்டோபர் மாதம். சோல்வை ஒரு கையில் உப்பும் ஒரு கையில் சர்க்கரையுமாக நிற்கிறாள். ஒவ்வொன்றும் ஒரு மோல். 'முதல்ல கை சொல்லட்டும், அப்புறம் கால்குலேட்டர் சொல்லட்டும்.' சலிக்கச் சலிக்க அதைச் சொன்னவள் அவளேதான். சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய், சொன்னதையே மறந்திருந்தாள். பாடப் புத்தகத்தின் வாக்கியம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. தன் வாக்கியம் ஒருத்தியின் உள்ளங்கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"நீங்க ரெண்டுலயே நில்லுங்க, சராசரி போட்டு நாலு வரும். சட்டம் அப்படி," என்றான் அவன் களைப்போடு. "அவ தேறிடுவா. ஆனா அது அவ மார்க் இல்ல. நம்ம சண்டையோட மார்க்."

வீபெக்கே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை வெங்காயம் இல்லை.

"ஏழு," என்றாள்.

சோல்வையைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவள் நம்பவில்லை.

"ஏழா? எனக்கா? யூனிட்டைச் சரிபார்த்தீங்களா வீபெக்கே?"

"பார்த்தாச்சு, பார்த்தாச்சு. ஓடு!"

தாழ்வாரம் அதிர்ந்தது. அப்பா தொப்பியைக் கோணலாக மாட்டினார், அம்மா அழுதாள், கொடிகள் ஆடின. சோல்வை திரும்பி ஓடிவந்து வீபெக்கேவைக் கட்டிக்கொண்டாள். அவள் முடியில் மழையும் மீனும் மணந்தன. வீபெக்கே அந்தக் கூட்டத்தில் ஒரு குவளை சோடா குடித்துவிட்டு, நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது எஸ்பென் கோட்டும் காலணியும் மாட்டி, பையும் கையுமாக நின்றிருந்தான்.

"மார்க் தாள்ல கையெழுத்துப் போட்டாச்சு. நீங்களும் போட்டுட்டா முடிஞ்சுது," என்றான். மரியாதையான குரல். காலையில் குடைக்குப் பின்னால் ஓடிவந்தவனுடைய குரல் அதில் இல்லை.

அவள் கையெழுத்திட்டாள். பிறகு தொட்டியில் குவிந்திருந்த குடுவைகளைக் கழுவ ஆரம்பித்தாள். என்ன பேசுவதென்று தெரியாதவர்களுக்குக் கழுவுவதற்கு ஏதாவது இருப்பது நல்லது. பின்னால் கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. பக்கத்தில் ஒரு கை வந்து துடைக்கும் துணியை எடுத்தது.

ஒரு குடுவை... இன்னொரு குடுவை... அவள் கழுவிக் கொடுக்க, அவன் துடைத்து அடுக்கினான்.

"ரயிலுக்கு நேரமாகல?"

"ஆகுது."

"பிச்சைன்னு சொன்னேன். அது பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க எஸ்பென்."

"வலிச்சுது," என்றான் அவன். "ஏன் அவ்வளவு வலிச்சுதுன்னுதான் இவ்வளவு நேரமா யோசிக்கறேன். முன்னப்பின்ன தெரியாத ஒரு ஊர்ல, காலையில பார்த்த ஒரு வாத்தியாரம்மா சொன்னதுக்கு..." முடிக்கவில்லை. "பால் தொழிற்சாலைக்கு என்ன சொன்னீங்க?"

"போகலைன்னு சொல்லிட்டேன். ஆகஸ்ட்ல மறுபடி டஜன் முட்டை."

அவன் சிரித்தான். கண்ணோரத்தில் சின்னச் சின்னச் சுருக்கங்கள். அந்தச் சாம்பல் கண்களில் தூக்கம் இன்னும் தீரவில்லை. ஆனால் அவை அவளைவிட்டு அகலவும் இல்லை. குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் அதை மூடினாள். வேலையெல்லாம் முடிந்துவிட்டது. இனி ஒளிந்துகொள்ள ஒரு குடுவைகூட மிச்சமில்லை.

"எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கு எஸ்பென்."

"தெரியும்."

"இல்ல, உங்களுக்குத் தெரியாது. களைப்பைக் கூடத் தாங்கிக்கலாம். தனியாக் களைச்சுப் போறதைத்தான் தாங்க முடியல. வீட்டுக்குப் போவேன், விளக்கைப் போடுவேன், 'அப்பாடா'ன்னு உக்காருவேன். அந்த அப்பாடாவைக் கேக்க ஒரு ஆள் கிடையாது. இன்னிக்குக் காலையில உங்களைத் திட்டினேன். அப்புறம் மனசையும் நோகடிச்சேன். நடுவுல எங்கேயோ எனக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சு. எப்படின்னு கேக்காதீங்க, சொல்லத் தெரியாது... ஆனா ஊருக்குப் போகாதீங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஈரக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவன் துணியை மேசையில் போட்டுவிட்டு, அந்தக் கையைத் தன் இரு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டான்.

"நானும் களைச்ச ஆளுதான் வீபெக்கே. சாப்பிட்டதும் நாற்காலியிலயே தூங்கிடுவேன். துணைன்னு பார்த்தா ரொம்பச் சுமார்."

"பரவாயில்ல. பக்கத்து நாற்காலியில தூங்குங்க."

கீழே ரயிலடியில் விசில் ஊதியது. இருவருமே காது கொடுத்துக் கேட்டார்கள். ரயில் போகும் சத்தம் மழையில் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. அவன் கையை விடவில்லை.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு," என்றான். "காலையில 'எந்த ஊரு நீங்க'ன்னு அதட்டினீங்க பாருங்க... அப்போ 'இந்த ஊரு'ன்னு பொய் சொல்லிடலாமான்னு இருந்துச்சு."